ஆணுறை ஏன் கிழிகிறது? திருவண்ணாமலை தம்பதி அலைந்த 35 மணி நேரம்!

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை ஆட்டோ ஓட்டுநர்களுக்குத் தூக்கம் கிடையாது. 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து, கால் கடுத்து நிற்பவர்களை பஸ் ஸ்டாண்டுக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் கொண்டு சேர்ப்பதிலேயே விடிந்துவிடும். ஊரைத் தாண்டி ஒரு கிராமத்தில் வசிக்கும் அந்த 27 வயது இளைஞருக்கும் அதுதான் பிழைப்பு.

மனைவிக்கு 24 வயது. சிசேரியனில் பிறந்த குழந்தைக்கு ஒன்பது மாதம். ``அடுத்த குழந்தைக்கு மூணு வருஷமாவது இடைவெளி விடுங்க'' என்று டிஸ்சார்ஜ் செய்யும்போதே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் ஆணுறை. ஆனால், ஒரே ஒரு அறை உள்ள வீட்டில் அதை எங்கே வைப்பது? அம்மா கண்ணில் பட்டால் என்ன ஆவது? கடைசியில் ஆட்டோவின் டேஷ்போர்டுக்குள், ஆர்.சி., இன்ஷூரன்ஸ் பேப்பர்களுக்கு அடியில் இடம் கிடைத்தது. அக்னி நட்சத்திரம் முழுக்க அந்தப் பாக்கெட் அங்கேயேதான் வெந்தது.

ஒரு சனிக்கிழமை இரவு, ஆணுறை கிழிந்துவிட்டது.

`அதெல்லாம் வைக்கிறதில்ல தம்பி!'

``ஏங்க, இப்ப என்ன பண்றது?'' என்று மனைவி கேட்டபோது கணவரிடம் பதில் இல்லை. டி.வி-யில் பார்த்த `72 மணி நேர மாத்திரை' மட்டும் ஞாபகத்துக்கு வந்தது. ஞாயிறு காலை, ``குழந்தைக்குத் துணி எடுக்கணும்மா'' என்று சொல்லிவிட்டு இருவரும் டவுனுக்குக் கிளம்பினார்கள்.

முதல் மெடிக்கல் ஷாப்பில், ``அதெல்லாம் வைக்கிறதில்ல தம்பி'' என்றார்கள். இரண்டாவது கடையில், டாக்டர் சீட்டு கேட்டார்கள். மூன்றாவது கடையில் நான்கைந்து பேர் நின்றதால், கேட்காமலேயே திரும்பிவிட்டார்கள்.

இது அவர்களுக்கு மட்டும் நடந்ததல்ல. அவசர கருத்தடை மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமலேயே விற்கலாம் என்பதுதான் மத்திய அரசின் விதி. ஆனாலும், தமிழ்நாட்டில் பல மருந்துக் கடைகள் பல வருடங்களாக இதை வைத்துக்கொள்வதில்லை.

அன்று இரவுதான் மனைவிக்கு கிராம சுகாதார செவிலியரின் நினைவு வந்தது. கர்ப்ப காலத்தில் வீடு தேடி வந்து இரும்புச்சத்து மாத்திரை கொடுத்த அதே அக்கா. போன் செய்ததும் அவர் பதறவில்லை. ``காலைல மொத வேலையா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாம்மா. நேரம் இருக்கு, பயப்படாத'' என்றார். திங்கள் காலை 10 மணிக்கு மாத்திரை கையில் கிடைத்தது. உறை கிழிந்து 35 மணி நேரம் ஆகியிருந்தது.

செவிலியர் கேட்ட கேள்விகள்

மாத்திரையைக் கொடுத்துவிட்டு செவிலியர் கேட்ட முதல் கேள்வி, ``எங்க வச்சிருந்தீங்க?''

பெரும்பாலான ஆணுறைகள் லேடெக்ஸ் எனும் இயற்கை ரப்பரால் ஆனவை. வெயில்பட்டால் ரப்பர் உலர்ந்து, வலுவிழக்கும். வண்டியின் டேஷ்போர்டு மட்டுமல்ல, பின் பாக்கெட்டில் இருக்கும் பர்ஸும் ஆகாது. உடல் சூடும், உட்கார்ந்து எழும் அழுத்தமும் அதைப் பாழாக்கும்.

இரண்டாவது கேள்வி, ``எண்ணெய் ஏதாவது தடவினீங்களா?'' இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜென் ஹார்மோன் குறைவதால், பெண்ணுறுப்பு வறண்டிருக்கும். வலிக்காமல் இருக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவியிருந்தார்கள். அதுதான் பெரிய தவறு. தேங்காய் எண்ணெய், வாஸ்லின், பேபி ஆயில், பாடி லோஷன் எல்லாமே லேடெக்ஸைச் சில நிமிடங்களிலேயே பலவீனமாக்கிவிடும். தேவைப்பட்டால் தண்ணீர் அல்லது சிலிக்கான் சேர்ந்த ஜெல்லை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

அவர் சொன்ன மற்ற விஷயங்கள்:

* வாங்கும்போதே காலாவதி தேதியைப் பாருங்கள். பாக்கெட்டை அழுத்தினால் உள்ளே காற்று இருப்பது தெரிய வேண்டும். இல்லையென்றால் தூக்கிப்போடுங்கள்.

* பல்லால் கடித்தோ, கத்தரிக்கோலால் வெட்டியோ பிரிக்காதீர்கள். நகம் பட்டாலும் கிழியும்.

* உறையின் நுனியை இரு விரலால் அழுத்தி, காற்றை வெளியேற்றிவிட்டு அணியுங்கள். காற்று தங்கினால் வெடிக்கும்.

* தலைகீழாக வைத்துவிட்டால் அதையே திருப்பிப் போடாதீர்கள். புதியது எடுங்கள்.

* `டபுள் சேஃப்டி' என்று இரண்டை ஒன்றாக அணிந்தால், ஒன்றோடொன்று உரசிக் கிழியவே வாய்ப்பு அதிகம்.

* உறவின் தொடக்கத்திலிருந்தே அணியுங்கள். முடிந்ததும் உறையின் விளிம்பைப் பிடித்தபடி உடனே விலகுங்கள். காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். டாய்லெட்டில் வேண்டாம்.

எவ்வளவு நம்பலாம்?

1968-ல் `நிரோத்' அறிமுகமானது. திருவனந்தபுரத்தில் உள்ள அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் லேடெக்ஸ், 1969-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆணுறைகளில் ஊசித்துளி ஓட்டை இருக்கிறதா என்று தொழிற்சாலையிலேயே மின்சாரம் மூலம் சோதிக்கிறார்கள். மாதிரிக்கு எடுத்தவற்றைக் காற்றடைத்து வெடிக்கவைத்தும் பார்க்கிறார்கள். அதனால், வாங்கிய பிறகு நாம் செய்யும் தவறுகளை முதலில் பார்ப்பது நல்லது.

100 தம்பதிகள் ஒரு வருடம் முழுக்க, ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தினால், சுமார் 2 பேருக்குத்தான் கர்ப்பம் தரிக்கும். நடைமுறையில் நடக்கும் தவறுகளால் அது 13 வரை போகிறது.

கிழிந்துவிட்டால்?

அவசர கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எடுக்க வேண்டும். பாலூட்டும் தாய்மாரும் எடுக்கலாம். இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். 5 நாள்களுக்குள் காப்பர்-டி பொருத்திக்கொள்வதும் நல்ல பலன் தரும். மாதவிலக்கு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் சிறுநீர்ப் பரிசோதனை அவசியம்.

இந்த மாத்திரை நோய்த்தொற்றைத் தடுக்காது. ஹெச்.ஐ.வி சந்தேகம் இருந்தால், அதற்கான தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள்கள் எடுக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தை அணுகலாம். 1097 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம்.

கருத்தடை சாதனம் தோற்றுப்போனதால் கர்ப்பமானால், 20 வாரம் வரை சட்டப்படி கருக்கலைப்பு செய்துகொள்ளலாம். 2021 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, இதில் திருமணமானவர், ஆகாதவர் என்ற வித்தியாசமும் இல்லை.

அந்தத் தம்பதிக்கு அது தேவைப்படவில்லை. மூன்று வாரம் கழித்து மாதவிலக்கு வந்துவிட்டது. ஆணுறைப் பாக்கெட் இப்போது வீட்டு பீரோவில், குழந்தையின் தடுப்பூசி அட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒருநாள் அட்டையைத் தேடிய மாமியார் அதைப் பார்த்துவிட்டார். மருமகள் பதற, அவர் பீரோவை மூடியபடி சொன்னார்...

``அஞ்சு பெத்தேன் நான். எனக்கெல்லாம் அப்போ சொல்றதுக்கு யாரு இருந்தாங்க? பத்திரமா வச்சுக்கோ.''