சீசாவுக்குள் ஒரு நைல் நதி

எகிப்து தேசத்துக்கு என்ன வாசனை என்று யாராவது உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? "சாம்பிராணி" என்பீர்கள். "அத்தர்" என்பீர்கள். சரித்திரம் படித்தவராக இருந்தால் கிளியோபாட்ராவை நினைத்துக்கொண்டு "ரோஜா" என்பீர்கள். "மாங்காய்" என்று மட்டும் நிச்சயமாகச் சொல்லமாட்டீர்கள்.

ஆனால் பிரான்ஸ் தேசத்து செண்ட் நிபுணர் ஒருவர் மாங்காய் என்றுதான் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், அதை ஒரு பச்சைச் சீசாவில் அடைத்து உலகமெல்லாம் விற்கவும் வழி செய்துவிட்டார். சீசாவைத் திறந்து முகர்ந்து பார்த்தவர்கள் அன்றிலிருந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். "மாங்காய்தான்" என்பார் ஒருவர். "தக்காளிச் செடி" என்பார் இன்னொருவர். "காரட்" என்று சாதிப்பவர்களும் இருக்கிறார்கள்.

சண்டையில் நாமும் கலந்துகொள்ளத்தான் போகிறோம். அதற்கு முன்னால், அந்த மாங்காய் காய்த்த இடத்துக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம், வாருங்கள்.

கல்லும் தண்ணீரும்

கெய்ரோவில் ராத்திரி ரயில் ஏறினால், தெற்கே சுமார் 880 கிலோமீட்டர் கடந்து, மறுநாள் காலையில் அஸ்வானில் இறங்கலாம். வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே ஒரே காட்சிதான்: ஒரு பச்சைக் கோடு, அதற்கு அப்பால் மணல். நைல் நதி எங்கே கை நீட்டுகிறதோ அங்கே பயிர். கை எட்டாத இடத்தில் பாலைவனம். இரண்டுக்கும் நடுவே ஒரு வரப்பு அகலம்கூட இருக்காது.

அஸ்வானில் மழை என்பது குழந்தைகளுக்குக் கதையாகச் சொல்ல வேண்டிய விஷயம். வருஷம் முழுவதும் சேர்த்தால் ஒரு மில்லிமீட்டர் தேறினால் அதிகம். நம் ஊரில் துளசி மாடத்துக்கு ஊற்றும் தண்ணீர்கூட அங்கே வானத்திலிருந்து கிடைக்காது. ஆனால் நதியைப் பாருங்கள்! கருங்கல் பாறைகள் தண்ணீரில் முக்கால்வாசி மூழ்கி, குளிக்க இறங்கிய யானைக் கூட்டம் போலக் கிடக்கின்றன. அவற்றின் நடுவே உள்ள பெரிய தீவுக்கு எலிபென்டைன் என்றே பெயர். வெள்ளத்தை அளப்பதற்கு அந்தக் காலத்து எகிப்தியர் கட்டிய படிக்கட்டு இன்னும் அங்கே இருக்கிறது. எத்தனை படி நனைந்தது என்று பார்த்து அந்த வருஷத்து வரியை நிர்ணயிப்பார்களாம்!

பக்கத்திலேயே இன்னொரு சின்னத் தீவு. சென்ற நூற்றாண்டுக்கு முந்தியதன் கடைசியில் அது கிச்சனர் பிரபுவின் கைக்கு வந்தது. அந்தப் பிரபுவுக்குச் செடி கொடிகளில் ஒரே பித்து. இந்தியாவிலிருந்தும் மற்ற தேசங்களிலிருந்தும் கன்றுகளைத் தருவித்து நட்டார். இன்று அது தாவரவியல் தோட்டம். பெலூக்கா என்கிற பாய்மரப் படகில் ஏறி அந்தக் கரையில் இறங்கினால், வெயிலில் காய்ந்த மூக்குக்குச் சட்டென்று ஈரமும் தழையுமாக ஒரு வாசனை வந்து மோதுகிறது. பாலைவனத்தின் நடுவே நிற்கிறோம் என்பதே மறந்துபோகிறது.

எகிப்தில் மாமரம் எப்படி வந்தது? அதற்கு நம் பக்கத்துச் சம்பந்தம் ஒன்று சொல்கிறார்கள். ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடித் தோற்ற அராபி பாஷாவை 1883-ல் இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். கொழும்பிலும் கண்டியிலும் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு, 1901-ல் தாய்நாடு திரும்பினார். திரும்பும்போது மாங்கன்றுகளையும் கொண்டுபோனார் என்பது எகிப்தியர் சொல்லும் கதை. அதற்கு முன்பே மா அங்கே வந்துவிட்டது என்று வாதாடுபவர்களும் உண்டு. கன்று யாருடையதாயிருந்தாலும் சரி, நைல் தண்ணீர் அதற்கு நன்றாகவே ஒத்துக்கொண்டிருக்கிறது.

பெயர் முதலில், மணம் பிறகு

இந்த ஊருக்குத்தான் 2004-ல் வந்து இறங்கினார் ஜான் க்ளாத் எலெனா. பிரான்ஸின் தெற்கே, வாசனைத் தொழிலுக்கே பெயர் போன க்ராஸ் ஊரில் 1947-ல் பிறந்தவர். தகப்பனாரும் செண்ட் நிபுணர். பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு, மீசை முளைக்கும் வயசில் வாசனைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவர். 2004-ல்தான் எர்மெஸ் என்கிற பெரிய கம்பெனி அவரைத் தன் சொந்த நிபுணராக நியமித்திருந்தது. குதிரைச் சேணம் செய்வதற்காக 1837-ல் தொடங்கிய கம்பெனி அது. இப்போது கைப்பை, பட்டுக் கழுத்துத்துணி, செண்ட் எல்லாம் விற்கிறது.

வேடிக்கை என்னவென்றால், செண்ட்டுக்குப் பெயர் முன்னாலேயே தயார்: "அன் ஜார்தான் ஸூர் ல நீல்". 'நைல் நதியில் ஒரு தோட்டம்' என்று அர்த்தம். குழந்தைக்குப் பெயர் வைத்துவிட்டுப் பெண் பார்க்கக் கிளம்பிய கதைதான்! அந்தப் பெயருக்கு ஏற்ற வாசனையைத் தேடி அவர் அஸ்வானைச் சுற்றினார். கடைத்தெருவில் மசாலாச் சாமான்கள் உண்டு. செம்பருத்தி இனத்துப் பூவை உலர்த்திக் காய்ச்சும் சிவப்புப் பானம் உண்டு. மல்லிகை உண்டு. எல்லாம் நல்ல வாசனைதான். ஆனால் எகிப்து என்றதும் எல்லாரும் எதிர்பார்ப்பதும் அவைதானே?

தீவுத் தோட்டங்களில் நடந்தபோது அவர் கண்ணில் பட்டவை மரத்தில் தொங்கிய பச்சை மாங்காய்கள். அதுதான் தம்முடைய நைல் என்று தீர்மானித்துவிட்டார்.

ஊருக்குத் திரும்பி, மாங்காயைப் பிழிந்து சாறு எடுத்துச் சீசாவில் ஊற்றினார் என்று நினைத்துவிடாதீர்கள். மாங்காய் மணம் மல்லிகைத் தைலம் மாதிரி வடித்து எடுக்கக் கிடைப்பதில்லை. ஓவியக்காரர் மஞ்சளையும் நீலத்தையும் கலந்து பச்சை காட்டுவதுபோல், வேறு வேறு வாசனைகளைச் சேர்த்து மாங்காய் என்கிற எண்ணத்தை மூக்குக்கு உண்டாக்க வேண்டும். எலெனா சிக்கனக்காரர். மற்றவர்கள் நூறு பொருள் போடும் இடத்தில் அவர் இருபது, முப்பதோடு நிறுத்திக்கொள்வார் என்று பெயர். பம்ப்ளிமாஸ் இனத்துப் பழத்தின் புளிப்பு, தாமரை, வசம்பு, அத்திமரக் கட்டை, சாம்பிராணி என்று கம்பெனி ஒரு ஜாபிதா சொல்கிறது. 2005-ல் செண்ட் கடைக்கு வந்தது. அது உருவான கதையைக் கூடவே இருந்து பார்த்த சாண்ட்லர் பர் என்கிற அமெரிக்கப் பத்திரிகையாளர் அதைப் பற்றி ஒரு புஸ்தகமே எழுதினார்.

ஆறு பேர், ஆறு மூக்கு

எலெனா மாங்காய் என்று சொல்லலாம். ஆனால் மாங்காய் விஷயத்தில் தீர்ப்புச் சொல்லும் உரிமை நம் வீட்டுப் பெண்களுக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்கிறது? எனவே ஒரு சின்னச் சீசா வாங்கி வந்து, பெயரைச் சொல்லாமல் ஆறு பேர் மணிக்கட்டில் தெளித்தேன்.

பாங்கியில் வேலை பார்க்கும் என் அக்கா உடனே சொன்னாள்: "சாத்துக்குடித் தோலை நகத்தால் கிள்ளினா கண்ணிலே தெறிக்குமே, அது!"

கீழ் வீட்டு மாமி கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "தக்காளிச் செடிடீ. சாயங்காலம் தண்ணி விடறச்சே இலை கையிலே உரசினா வருமே ஒரு பச்சை நெடி, அதேதான்" என்றார்.

காலேஜில் படிக்கும் அவர் பெண்ணுக்கு அது குளமாகப் பட்டது. "பூவில்லே, அல்லித் தண்டை ஒடிச்ச மாதிரி" என்றாள்.

பாட்டு டீச்சர் முதலில் வாயே திறக்கவில்லை. அரை மணி கழித்துப் போகும்போதுதான், "கோயில் பிராகாரத்திலே, தூபம் போட்டு முடிஞ்சப்புறம் நிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

எங்கள் காரியாலயத்தில் டைப் அடிக்கும் அம்மாள் மூன்று தடவை முகர்ந்துவிட்டு, "எனக்கு ஒண்ணுமே தெரியலியே! ஏமாத்தறீங்களா?" என்று கேட்டார்.

ஆறாவது ஆள், சேலத்திலிருந்து வந்திருந்த என் அத்தை. கிளிமூக்கும் மல்கோவாவும் காய்க்கிற ஜில்லா. அவரிடம் மட்டும், மாங்காய் என்று விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கையை மூக்கருகே கொண்டுபோனவர், பாதியிலேயே இறக்கிவிட்டார்.

"ஏங்கண்ணு, இதுக்குப் போயி இத்தனை காசு குடுத்தியாக்கும்? இது மாங்காயா? காம்பை ஒடிச்சா பீய்ச்சி அடிக்குமே பாலு, அது எங்கே? முகத்துல பட்டா பொத்துப் போகும். நாப்பது வருஷம் வடு போட்ட கை இது. இந்த மாங்காய்க்குப் பாலும் இல்லை, உப்பும் இல்லை."

சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு மேலும் சொன்னார்: "வீட்டைப் பாகம் பிரிச்சப்ப மரத்தை வெட்டிட்டாங்க. ஆறு வருஷம் ஆச்சு. அந்தப் பால் வாசனையை எவனாச்சும் சீசாவுல அடைச்சுக் குடுத்தா சொல்லு. நகையை வித்தாவது வாங்கிக்கறேன்."

யார் சொன்னது சரி?

ஆறு பேரும் பொய் சொல்லவில்லை. அதற்கு விஞ்ஞானமே சாட்சி. லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸெல் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள், வாசனையைப் பிடிக்கும் ஏற்பிகளை உண்டாக்கும் மரபணுக்களை 1991-ல் கண்டுபிடித்தார்கள். எலெனா அஸ்வானுக்குப் போன அதே 2004-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதர் மூக்கில் இப்படிச் சுமார் 400 வகை ஏற்பிகள் இருக்கின்றன. ஆனால் உங்கள் 400-ம் என் 400-ம் ஒன்றல்ல. எனக்கு வேலை செய்யும் சில, உங்களுக்கு அரைகுறையாக வேலை செய்யும்.

வயலட் பூவின் மணத்துக்குக் காரணமான பீட்டா அயனோன் என்ற பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு மரபணுவில் உள்ள வித்தியாசத்தால், சிலருக்கு அது பூவாக மணக்கிறது. மற்றவர்களுக்குப் புளித்த நெடியாகத் தெரிகிறது. 2013-ல் வெளியான ஆராய்ச்சி இது. கஸ்தூரிக்குப் பதிலாகச் செயற்கையாகச் செய்யும் பொருள்கள் சிலவும், சிலர் மூக்குக்குத் தெரியவே தெரியாது. டைப் அடிக்கும் அம்மாள் தம் மூக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இதோடு நேரமும் சேர்ந்துகொள்கிறது. புளிப்புப் பழ வாசனைகள் லேசானவை, முதலில் பறந்துவிடும். கட்டை, பிசின் வாசனைகள் கனமானவை, கடைசிவரை நிற்கும். முதல் நிமிஷம் பேசிய அக்காவுக்குச் சாத்துக்குடியும், அரை மணி பொறுத்த டீச்சருக்குத் தூபமும் கிடைத்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அத்தை சொன்னதற்கு விஞ்ஞானம் பதில் சொல்லாது. எலெனா கண்டது, முன்பின் பழக்கமில்லாத ஒருவர் நதிக்கரையில் நடந்துபோகையில் கண்ட மாங்காய். அதில் பால் தெறிக்காது, பல் கூசாது, ஊறுகாய் ஜாடி கிடையாது. அத்தையின் மாங்காயில் இத்தனையும் உண்டு. அதோடு ஒரு வீடும் உண்டு. விருந்தாளி எழுதிய படத்தில் வீட்டுக்காரி தன் வீட்டைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

அஸ்வானிலும் அப்படி ஒரு வீட்டுக்காரி இருக்கிறாள். 1960-ல் தொடங்கி 1970-ல் கட்டி முடித்த பெரிய அணைக்கு மேலே, நூபிய மக்களின் கிராமங்கள் வரிசையாக இருந்தன. 1963-லும் 64-லும் சுமார் ஐம்பதாயிரம் பேரை வடக்கே கோம் ஓம்போ பக்கம் குடியேற்றினார்கள். அவர்களுடைய பேரீச்சந்தோப்புகள் ஏரித் தண்ணீருக்குள் போய்விட்டன. நைல் நதியில் ஒரு தோட்டம் என்றால், அந்த நூபியக் கிழவிக்கு எந்த வாசனை வரும்? அதை எந்தக் கம்பெனியும் அடைத்து விற்கவில்லை. அவளும் என் அத்தையும் சந்தித்தால், பாஷை தெரியாமலேயே ஒருவரையொருவர் புரிந்துகொள்வார்கள்.

வாங்குவதற்கு முன்

எலெனாவைக் குறை சொல்லுவதற்காக இதை எழுதவில்லை. வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் அந்த மணம் ஒரு வாய் மோர் குடித்தாற்போல் இருக்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது. ஆண், பெண் இருவரும் பூசிக்கொள்ளலாம் என்பதால் சீசா ஒன்றுக்கு வீட்டில் இரண்டு சொந்தக்காரர்கள் கிளம்புவார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே எச்சரிக்கிறேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் நீட்டும் காகிதத் துண்டை முகர்ந்துவிட்டுப் பணத்தை நீட்டாதீர்கள். மணிக்கட்டில் ஒரு சொட்டுப் போட்டுக்கொண்டு, கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து மறுபடியும் முகருங்கள். நம் ஊர் உஷ்ணத்தில் இந்த மாதிரி லேசான செண்ட் சீக்கிரம் பறந்துவிடும். நாள் முழுக்க மணக்க வேண்டும் என்பவர்களுக்கு இது ஏற்காது. பட்டுப் புடைவையின்மேல் தெளிக்க வேண்டாம். கறை விழுந்தால் போகாது. சிநேகிதி சிபாரிசு செய்தாள் என்பதற்காகவும் வாங்க வேண்டாம். அவள் மூக்கு வேறு, உங்கள் மூக்கு வேறு.

வாங்கிப் பூசிக்கொண்டு போகுமிடத்தில் யாராவது, "இது என்ன வாசனை?" என்று கேட்டால், சீசாவில் அச்சிட்ட பெயரைச் சொல்லிவிடாதீர்கள். "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று திருப்பிக் கேளுங்கள். அவர் எந்த ஊர்க்காரர், அவர் வீட்டுக் கொல்லையில் என்ன மரம் இருந்தது என்பதையெல்லாம் அவர் வாயாலேயே தெரிந்துகொள்ளலாம்.