பென்னலூர் டூ பனாஜி: வேஷத்துக்கு வாடகை எவ்வளவு?

சாயங்காலம் பென்னலூர் ஸ்டாப்பில் கால் மணி நேரம் நின்னு பாருங்க பாஸ். புது கார்களை அடுக்கிய டிரெய்லர்கள், ஷிஃப்ட் முடிந்த கம்பெனி பஸ்கள், பையை மாட்டிய வெங்கடேஸ்வரா இன்ஜினீயரிங் காலேஜ் பசங்க... இந்த ரோடு பழைய என்.எச். 4, இப்போ 48. அப்படியே பெங்களூரு, ஹூப்ளி போய் இடது பக்கம் திரும்பினா கோவா! ஃபைனல் இயர் டூர்னா சும்மாவா?

பனாஜியில் மாண்டவி ஆற்றில் கேசினோ கப்பல்கள் மிதக்கும். 21 வயசு ஆகாமல் உள்ளே விட மாட்டாங்க. உள்ளே பிளாக்ஜாக். 21-ஐத் தாண்டாமல் டீலரை ஜெயிக்கணும்.

'சீட்டை எண்ணினா ஜெயிக்கலாமாமே மச்சி' என்று ஒருத்தன் ஆரம்பிப்பான். பொய்யில்லை. 1962-லேயே எட்வர்ட் தோர்ப் என்ற கணக்கு வாத்தியார் புத்தகமே போட்டார். பின்னால் வந்த சுலப வழி இது: 2 முதல் 6 வரை போனால் கூட்டு ஒன்று. பத்து, படச்சீட்டு, ஏஸ் போனால் கழி ஒன்று. எண்ணிக்கை ஏறினால் மிச்சக் கட்டில் பெரிய சீட்டு அதிகம். பந்தயத்தை ஏத்தலாம்.

சிக்கல் அங்கேதான். கையில் இரண்டு பத்து, மொத்தம் 20. யாரும் பிரிக்க மாட்டாங்க. டீலர் 6 காட்டி, எண்ணிக்கையும் ரொம்ப ஏறியிருந்தால் பிரிப்பது லாபம். முட்டாள்தனமாகப் பிரிக்கிறவனைப் பார்த்து கேசினோ சந்தோஷப்படும். பந்தயத்தைப் பத்து மடங்கு ஏத்திட்டுப் பிரிக்கிறவனை மேலே இருக்கும் கேமரா கவனிக்கும். நெவாடாவில் மனசால் எண்ணுவது குற்றமில்லை. ஆனால் வாசலைக் காட்டலாம்.

அதனால்தான் வேஷம். கென் அஸ்டன் என்ற ஆட்டக்காரர் ஆளே மாறிப்போய் உட்காருவார். மற்றவர்கள் 'மனசு சொல்லுச்சு' என்று உளறுவார்கள், அப்பப்போ வேணும்னே தப்பா ஆடுவார்கள். அஸ்டன் 1982-ல் நியூஜெர்சி கோர்ட்டில் ஜெயித்தே விட்டார், எண்ணுகிறார் என்பதற்காக வெளியே அனுப்ப முடியாது என்று. கேசினோக்கள் விடுமா? கட்டுகளைக் கூட்டின, அடிக்கடி கலைத்தன.

இப்போ நம்ம கணக்கு. நன்றாக எண்ணுகிறவனுக்குக் கிடைப்பதே நூறு ரூபாய்க்கு ஏறக்குறைய ஒரு ரூபாய். ஒவ்வொரு போலித் தப்பும் அந்த ஒரு ரூபாயிலிருந்துதான் கழியும். ஒரே அளவு பந்தயத்தில் 500 ஆட்டம் ஆடினால் சராசரி லாபம் 5 பந்தயம். ஆனால் அதிர்ஷ்டம் மட்டுமே 25 பந்தயம் மேலேயோ கீழேயோ தூக்கிப் போடும். ஒரு ராத்திரி டூரில் உங்களுக்கு எது வரும்? போட்ட சீட்டை உடனுக்குடன் கலைக்கும் மெஷின் டேபிளில் இருந்தால் எண்ணுவதே வீண்.

கணக்கு சூப்பர், ஆசைப்படுங்க. ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஒரு கட்டை ஒவ்வொன்றாகத் திருப்பி எண்ணுங்க. கடைசியில் பூஜ்யம் வந்தால் நீங்க கில்லி. பந்தயத்துக்குப் புளியங்கொட்டை போதும். டூர் காசு, ஒரகடம் கம்பெனியில் அப்பா ஓவர்டைம் பார்த்த காசாக இருக்கலாம். அதுக்கு எந்த வேஷமும் பத்தாது பாஸ்!