வைரியும் அன்னமும்

கொடுமுடி என்றதும் நேயர்களுக்குக் காவேரியும் மகுடேசுவரர் கோயிலும் நினைவுக்கு வரும். சங்கீத ரசிகர்களுக்குக் கே. பி. சுந்தராம்பாள் பிறந்த ஊர் என்பதும் ஞாபகம் வரலாம். ஆகாய விமானம் யாருக்கும் நினைவுக்கு வராது. ஆனால் இந்த ஸ்தலத்தின் புராணமே ஒரு காற்றுப் போர்தான். ஆதிசேஷன் மேருவை இறுகச் சுற்றிக்கொள்ள, வாயு பகவான் மோதியடிக்க, சிகரம் சிதறி நாலா திசையிலும் பறந்ததாம். அதில் வைரமணி விழுந்த இடம் கொடுமுடி.

நம்மிடம் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவனுக்கு விமானப் படையில் சேர வேண்டும் என்ற பித்து. அவன் தாயார் ஒரு நாள் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க வாத்தியாரய்யா, ஒருக்கா நீங்களே இவனைச் சூலூருக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டிப்போடுங்க. கிட்டப் போய்ப் பார்த்தா ஆசை தீர்ந்து போயிருமுங்க" என்றார்.

ஒற்றைப் பிள்ளை. மறுக்க மனம் வரவில்லை. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பஸ் ஏறினோம்.

முத்தூர், வெள்ளகோவில், காங்கயம், பல்லடம் என்று வழி நீண்டது. காங்கயத்தைத் தாண்டியதும் காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுழன்றுகொண்டிருந்தன. பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வரும் ஆடிக்காற்று பஸ்ஸின் ஜன்னல்களைத் தடதடவென்று ஆட்டியது. வாயு பகவானுக்குக் கொங்கு நாட்டின் மீது இன்னும் கோபம் தணியவில்லை போலும் என்று சொன்னோம். பையன் சிரிக்கவில்லை, அவன் கண் வானத்திலேயே இருந்தது.

சூலூரின் கதை இரண்டாவது உலக யுத்தத்தோடு தொடங்குகிறது. ஜப்பானியரை எதிர்த்துக் கீழ்க்கடல்களில் போரிட்ட பிரிட்டிஷ் கடற்படைக்குக் கப்பல்கள் மட்டும் போதவில்லை. அவற்றின் மேல்தளத்திலிருந்து பறக்கும் விமானங்களைக் கோக்கவும் பழுது பார்க்கவும் கரையில் இடம் வேண்டியிருந்தது. கடலே காணாத கோயமுத்தூரைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே அமைந்த பணிமனைக்குக் 'கருடா' என்று பெயர். சூலூர்த் தளத்துக்கு 'வைரி' என்று பெயர். வைரி என்பது நம் தோட்டங்களில் குருவிகளை அடித்துச் செல்லும் சிறு வேட்டைப் பறவை. யுத்தம் முடிந்தது, 1946-ல் வெள்ளைக்காரக் கடற்படை மூட்டை கட்டிக்கொண்டது.

பின்னர் சுதந்திர இந்தியாவின் கடற்படை வந்தது. விக்ராந்த் கப்பலுக்காக வாங்கிய 'ஸீ ஹாக்' ஜெட் விமானங்களுக்குக் கரையில் கூடு வேண்டுமே! 1961 செப்டம்பரில் சூலூரில் 'ஹம்ஸா' என்ற தளம் உதயமாயிற்று. வைரி இருந்த கூட்டில் அன்னம் குடியேறியது. அதே வருஷம் டிசம்பரில் கோவா விடுதலை பெற்றது. 1964-ல் அன்னம் கடலைத் தேடிக் கோவாவின் டபோலிமுக்குப் பறந்துவிட்டது. 1971 யுத்தத்தில் விக்ராந்திலிருந்து கிளம்பிக் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கியவை அந்த ஸீ ஹாக் விமானங்களே.

சூலூர் விமானப் படையின் கைக்கு வந்தபின் அதன் தொழில் பலவாயிற்று. இங்கே விமானங்களைப் பிரித்துச் செப்பனிடும் பெரிய பணிமனை உண்டு. மயில் வர்ணம் பூசிய ஹெலிகாப்டர்களில் வித்தை காட்டும் 'ஸாரங்' குழுவினரின் வாசஸ்தலமும் இதுவே. 2018-ல் 45-வது ஸ்குவாட்ரன் நம் நாட்டிலேயே செய்த தேஜஸ் விமானங்களுடன் இங்கே வந்தது. 1965 செப்டம்பர் 1-ந் தேதி, பழைய வாம்பயர் விமானங்களில் சென்று ஒரே நாளில் நான்கு விமானங்களை இழந்த படைப்பிரிவு அது. 2020 மே 27-ந் தேதி 18-வது ஸ்குவாட்ரனும் தேஜஸ் விமானங்களுடன் இங்கே பணி தொடங்கியது. 1971-ல் ஸ்ரீநகர் வானத்தில் வீழ்ந்து பரம்வீர் சக்ரம் பெற்ற நிர்மல்ஜித் சிங் ஸேகோன் அந்தப் பிரிவைச் சேர்ந்தவர்.

மதிலுக்கு வெளியே, ஒரு டீக்கடையின் நிழலில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். தேஜஸ் வரவில்லை. இரண்டு விசிறிகள் சுழலும் சாம்பல் நிறச் சாமான் விமானம் ஒன்று மெதுவாக இறங்கிற்று. "இதுதானா?" என்றான் பையன்.

அதன் கதையைச் சொன்னோம். ஆன்டனோவ்-32 என்ற அந்த இனம் 1984 முதல் நம் படையில் மாடாய் உழைத்து வருவது. 2016 ஜூலை 22-ந் தேதி, சூலூரைச் சேர்ந்த அத்தகைய விமானம் ஒன்று 29 பேருடன் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிற்று, போய்ச் சேரவில்லை. ஏழரை வருஷம் கழித்து, 2024 ஜனவரியில்தான், வங்கக் கடலில் சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் கிடைத்ததாகச் சர்க்கார் அறிவித்தது. 2021 டிசம்பர் 8-ந் தேதி ஜெனரல் பிபின் ராவத்தை ஏற்றிக்கொண்டு இதே சூலூரிலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தது. 14 உயிர்கள் போயின. அந்த 29 வீடுகளிலும் ஏழரை வருஷம் வாசலைப் பார்த்திருந்தவர்கள் தாய்மார்கள் அல்லவா?

பையன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "போன வெள்ளத்துக்குச் சோத்துப் பொட்டலம் போட்டதும் இங்கிருந்து போன ஹெலிகாப்டர்தானுங்களே?" என்று கேட்டான்.

அதுவும் உண்மை. 2023 டிசம்பரில் தென் மாவட்டங்கள் மூழ்கியபோது உணவு சுமந்து சென்றவை சூலூர் ஹெலிகாப்டர்கள். 2024 மார்ச்சில் குன்னூர்க் காட்டுத் தீயின் மேல் வாளி வாளியாக நீரைக் கொட்டியதும் விமானப் படையின் ஹெலிகாப்டர்தான். குருவியை அடிக்கும் வைரியாகப் பிறந்த தளம் குஞ்சுக்கு இரை சுமக்கும் பறவையாகவும் ஆகியிருக்கிறது.

இருட்டிய பிறகு கொடுமுடி வந்து சேர்ந்தோம். தாயார் பஸ் நிலையத்திலேயே காத்திருந்தார்.

"ஆசை தீர்ந்துதுங்களா?"

பொய் சொல்ல நா எழவில்லை. "இல்லையம்மா. ஆனால் போகிற இடம் இன்னதென்று இப்போது அவனுக்குத் தெரியும்" என்றோம்.

அந்த அம்மாள் பதில் சொல்லவில்லை. மகனின் தலையில் படிந்திருந்த புழுதியை முந்தானையால் துடைத்துவிட்டார். காவேரிப் பக்கமிருந்து காற்று வீசிக்கொண்டே இருந்தது.