பூபாலன் பரம்பரையும் காணாமற்போன ஏடும்

தம் குடியின் தொன்மையை எடுத்துரைப்போர் எவரும், தம் முன்னோர் எளியவராய் இருந்தனர் என்பதற்கான ஏடு தொலைந்துபோயிற்று என்று கூற நான் கேட்டதில்லை. தொலைந்த ஏடுகள் அனைத்தும் அரசரையும் அதிகாரிகளையுமே குறித்திருந்தன போலும். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழ்ந்த எங்கள் குடும்பத்திலும் அத்தகைய ஏடு ஒன்று பேசப்பட்டு வந்தது. நாங்கள் தனியுண்ணாப் பூபாலனின் வழியினர் என்பது அவ்வேட்டின் சாரம்.

அது எவ்வாறு மறைந்தது என்பதில் மூத்தோரிடையே ஒற்றுமை இல்லை. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது, வீட்டைப் போட்டுவிட்டு ஓடியதால் அழிந்தது என்பார் பெரியப்பா. அதற்கு முன்னரே செல்லரித்துவிட்டது என்பார் சிறியப்பா. தம்பலகாமத்து உறவினர் ஒருவர் படித்துவிட்டுத் தருவதாகக் கொண்டுபோனார், திருப்பித் தரவில்லை என்பார் மாமி. ஏடு இருந்தது என்ற ஒன்றில் மட்டும் மூவரும் உடன்பட்டனர். அதைக் கண்ணாற் கண்டவர் மூவருள் ஒருவரும் இலர்.

பூபாலன் என்ற பெயர் எங்கள் வீட்டார் புனைந்ததன்று. கவிராசவரோதயர் பாடியதாகக் கூறப்படும் கோணேசர் கல்வெட்டில் அது காணப்படுகிறது. குளக்கோட்டு மன்னன் கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்து, காரைக்கால், மருங்கூர் முதலிய ஊர்களிலிருந்து குடிகளைக் கொணர்ந்து தொழும்பு வகுத்தான் என்றும், மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலனை அழைத்து அதிகாரம் அளித்தான் என்றும் அந்நூல் கூறும். கல்வெட்டு என்பது அதன் பெயரேயன்றி, அது கல்லில் வெட்டப்பட்டதன்று. ஏட்டில் எழுதப்பட்டுப் படியெடுத்துக் காக்கப்பட்ட நூலேயாகும். திருப்பணி தொடங்கிய காலத்தை அது கலியாண்டு 512 என்கிறது. அது கி.மு. 2590 அளவில் அமையும். ஆனால் பிரெட்றிக் கோட்டையிற் கிடைத்த, உண்மையாகவே கல்லில் வெட்டப்பட்ட வடமொழிச் சாசனம், சோடகங்கன் என்பான் சக ஆண்டு 1145இல், அதாவது கி.பி. 1223இல், கோகர்ணத்துக்கு வந்ததைக் குறிப்பிடுகிறது. குளக்கோட்டனும் சோடகங்கனும் ஒருவரே எனக் கருதும் ஆய்வாளர் உளர். அக்கருத்தை ஏற்றால், நூல் கூறும் காலத்துக்கும் கல் கூறும் காலத்துக்கும் இடையே ஏறத்தாழ 3800 ஆண்டுகள் கிடக்கின்றன.

சான்று அழிந்தது என்னும் கூற்றைப் பொய்யென ஒதுக்கவும் இயலாது. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்டுதற்குப் பயன்படுத்தினர். கோட்டை வாயிலிற் பதிந்துள்ள, குளக்கோட்டனைக் குறிக்கும் சாசனமும் சிதைந்தே நிற்கிறது. கோயிற் சின்னங்கள் சிலவற்றை 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமிமலை அடிக்கடலிற் கண்டனர்.

கடலிடம் சான்றுகளை இழந்தவர் நாம் மட்டுமல்லர். குரொம்வெலின் படையினர் கைப்பற்றி இலண்டனுக்குக் கொண்டுசென்ற ஸ்கொத்லாந்து ஆவணங்களுட் பெரும்பகுதி, 1660இல் திருப்பி அனுப்பப்பட்டபோது, 'எலிசபெத்' என்னும் கப்பலோடு கடலில் மூழ்கிற்று. அத்தகைய இழப்புகளை உடைய நாட்டில் உயர்குடி உரிமை கோருவோர்க்குக் குறைவிருக்கவில்லை. அலன் என்னும் குடும்பப் பெயருடைய சகோதரர் இருவர், தம்மை ஸ்ருவேட் அரச மரபின் பேரர் எனக் கூறிக்கொண்டு, குலங்களுக்குரிய ஆடைக்கோலங்களை விவரிக்கும் நூலொன்றை 1842இல் வெளியிட்டனர். அதற்கு ஆதாரமெனக் கூறிய பழஞ்சுவடியின் மூலத்தை அவர்கள் ஆராய்ச்சியாளர் முன் வைக்கவேயில்லை. ஆயினும் அக்கோலங்கள் பல இன்றும் குலச்சின்னங்களாக அணியப்படுகின்றன.

சான்று அழிந்ததென்பது வேறு. அழிந்த சான்று நமக்குச் சார்பாகவே இருந்ததென்பது வேறு. முன்னதை வரலாறு உறுதிப்படுத்தலாம். பின்னதை உறுதிப்படுத்துவது நம் விருப்பமேயன்றி வேறில்லை.

இவ்விருப்பம் பிறர்க்குத் தீங்கு செய்யாதது எனின் இதனை எழுதவேண்டியதில்லை. 1960களின் பிற்பகுதியில் என் பெரியப்பா மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மணமகன் ஆசிரியர், அவருடைய தந்தையார் துறைமுகத்திற் சரக்கேற்றும் தொழிலாளி. அவ்வீட்டார் தம் முன்னோர் நால்வரின் பெயரை வரிசையாகக் கூறினர். எங்கள் வீட்டாரால் இரண்டு தலைமுறைக்கு அப்பால் ஒரு பெயரும் கூற இயலவில்லை. ஆயினும் "பூபாலன் பரம்பரையிற் கொள்ளக் கொடுக்க அவர்களுக்கு என்ன தகுதி?" என்று கேட்டு, சம்பந்தத்தைத் தட்டிக் கழித்தவர்கள் எங்கள் மூத்தோரே. அக்கா மணமுடிக்கவில்லை. அதுபற்றிக் குறைகூறவுமில்லை. பல ஆண்டுகளின் பின் ஒருமுறை மட்டும் என்னிடம், "தம்பி, அந்தப் பூபாலனுக்கு நான் எத்தனையாந் தலைமுறை?" என்று கேட்டார். அக்கேள்விக்கு விடையிறுக்க எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இல்லை.

அதே வீட்டு அலுமாரியில், எவரும் தேடாத ஆவணம் ஒன்று பத்திரமாக இருந்தது. 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்தபோது, அங்கு இயந்திரம் பொருத்துந் தொழிலாளியாயிருந்த என் பாட்டனாருக்கு வழங்கிய சேவைச் சான்றிதழ் அது. அவர் பெயர், தொழில், சேவை புரிந்த 28 ஆண்டுகள் யாவும் அதில் உள. விருந்தினர்க்கு அதனை எடுத்துக் காட்டியவர் எவருமிலர். இல்லாத ஏட்டைப் பற்றிப் பேசியோர், இருந்த தாளைப் பற்றிப் பேசவில்லை.

கோணேசர் கல்வெட்டை மீண்டும் படிக்குந்தோறும் எனக்கு ஒன்று புலனாகிறது. அது பெருமைப் பட்டியலன்று, கடமைப் பட்டியல். பூவெடுத்தல், மாலை கட்டல், விளக்கேற்றல், நெற்குற்றல், மெழுகல் என இன்னார் இன்ன பணி செய்க என்பதையே அது விரித்துரைக்கிறது. பூபாலனும் அப்பணிகள் வழுவாது நடைபெறுதற்கென்றே அமர்த்தப்பட்டவன். பணியை மறந்து பதவியை மட்டும் நினைவில் வைத்தமை பிற்காலத்தார் செயல்.

குடும்ப வரலாற்றை எழுதப் புகும் இளைஞர்க்கு நான் கூறக்கூடியது இதுவே: செவிவழிச் செய்தியை அழித்துவிடவேண்டா. 'எங்கள் வீட்டார் இவ்வாறு கூறுவர்' எனத் தலைப்பிட்டுத் தனிப்பக்கத்தில் எழுதிவையுங்கள். பிறப்புப் பத்திரம், காணியுறுதி, தொழிற்சான்றிதழ் ஆகியன தருவதை வேறு பக்கத்தில் எழுதுங்கள். இரு பக்கங்களையும் ஒன்றாக்காதிருப்பதே நேர்மை. முதற்பக்கத்தை வைத்து எவரும் மகிழலாம். ஆனால் அதை வைத்து இன்னொரு மனிதரின் தகுதியை அளக்கும் உரிமை எவர்க்கும் இல்லை.