சம்பளக்காரரின் வேட்புமனு: ஒரு தேர்தல் நாட்குறிப்பு

2022, இளவேனில்

லண்டனில் 1834ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, 1837இல் மன்னர் நான்காம் வில்லியமின் பட்டயம் பெற்ற பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனம், சுருக்கமாக ‘ரிபா’, அடுத்த தலைவருக்கான தேர்தலை நோக்கி நகர்கிறது. பிரிட்டனில் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பெயரைத் தாங்கும் உரிமையைத் தருவது 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் பதிவு வாரியமே ஆகும். ரிபாவோ விரும்பிச் சேரும் தொழில்முறைச் சங்கம் என்பதால், அதன் தலைவருக்குச் சட்ட அதிகாரத்தைவிடத் தொழிலின் பெயரால் பேசும் செல்வாக்கே பெரிது. ஈராண்டுக் காலம் நீடிக்கும் இப்பதவி, சொந்த நிறுவனம் நடத்துவோரிடமும் பங்குதாரர்களிடமுமே பெரும்பாலும் தங்கிவந்துள்ளது. தம் நேரத்தைத் தாமே ஒதுக்கிக்கொள்ள அவர்களால் இயலும்; மாதச் சம்பளக்காரரோ முதலில் முதலாளியிடம் விடுப்புக் கேட்டு, அதன் பிறகே உறுப்பினரிடம் வாக்குக் கேட்க வேண்டும்.

2022, கோடையின் தொடக்கம்

எதிர்காலக் கட்டடக் கலைஞர் முன்னணி என்னும் இளையோர் குழுவும், கட்டடக்கலைத் தொழிலாளர் பிரிவு என்னும் தொழிற்சங்கமும் உள்ளிட்ட அமைப்புகள், தலைவர் நாற்காலியில் ஓர் ஊழியரை அமர்த்த வேண்டும் என்று பரப்புரை செய்கின்றன. வேட்பாளர் முதலில் தோன்றி ஆதரவைத் தேடுவது வழக்கம். இங்கே கோரிக்கை முதலில் எழுந்து, பிறகு தனக்குரிய வேட்பாளரைத் தேடிக்கொண்டது. அந்தக் கோரிக்கையின் வேர் அலுவலக மேசையில் இருக்கிறது: பல்கலைக்கழகப் படிப்பும் பயிற்சியும் சேர்ந்து ஏழாண்டுகளுக்குக் குறையாமல் செலவிட்ட ஒருவர், வரைபடம் ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய இரவுகளில் ஊதியமில்லாத கூடுதல் நேரம் உழைத்தும், வாடகை கட்டத் திணறுகிறார். பரப்புரையாளர்கள் முன்னிறுத்திய முயிவா ஓகி, மேஸ் என்னும் பெரிய கட்டுமான நிறுவனத்தில் பணிபுரியும் கட்டடக் கலைஞர். அவருக்கு எதிரே ஆலிஸ் அண்ட் மாரிசன் நிறுவனத்தின் நிர்வாகப் பங்குதாரர் ஜோ பேக்கனும், ரிபாவுக்குள் சமத்துவத்துக்கான குழுவைத் தொடங்கி நடத்திய சுமிதா சிங்காவும் களத்தில் உள்ளனர். அனுபவத்தில் இருவருமே எளிய போட்டியாளர்கள் அல்லர்.

2022, ஆகஸ்ட்

ஓகி வென்றார். ரிபாவின் முதல் கருப்பினத் தலைவர் என்பதையும் மிக இளைய தலைவர் என்பதையும் செய்தித்தாள்கள் தலைப்பாக்கின. ஆனால் பரப்புரையாளர்களுக்கு, நிறுவன உரிமையாளர் அல்லாத ஒருவர் வென்றார் என்பதே முதன்மையான செய்தி. பதவியேற்புக்கு இன்னும் ஓராண்டு இருப்பதால், அதுவரை அவர் ‘அடுத்த தலைவர்’ என்ற நிலையில் இருந்து நிறுவனத்தின் நடைமுறைகளைக் கற்றுக்கொள்வார்.

2023, செப்டம்பர் 1

சைமன் ஆல்ஃபோர்டிடமிருந்து ஓகி பொறுப்பேற்கிறார். தலைமையகம் அமைந்துள்ள 66, போர்ட்லண்ட் பிளேஸ், கிரே வோர்னம் வடிவமைத்து 1934இல் திறக்கப்பட்ட கட்டடம். தேம்ஸ் ஆற்றையும் லண்டன் கட்டடங்களையும் புடைப்பாகத் தாங்கிய கனத்த வெண்கலக் கதவுகள் அதன் வாயிலில் நிற்கின்றன. அக்கதவுகளைத் தாண்டி உள்ளே வந்தவரின் கையில் எல்லாச் சாவிகளும் இல்லை: சொத்தையும் வரவு செலவையும் கண்காணிப்பது தனித் தலைவரைக் கொண்ட அறங்காவலர் குழு, ஊழியரின் ஊதியத்தைத் தீர்மானிப்பதோ தனித்தனி நிறுவனங்கள். எனவே தேர்தல் வாக்குறுதி எதுவும், பிறரை இணங்கவைத்தால் மட்டுமே நிறைவேறும்.

2025, ஆகஸ்ட் 31

ஓகியின் காலம் முடிகிறது. மறுநாள் பொறுப்பேற்கும் கிறிஸ் வில்லியம்சன், ரயில் நிலைய வடிவமைப்புக்குப் பெயர்பெற்ற வெஸ்டன் வில்லியம்சன் நிறுவனத்தை இணைந்து நிறுவியவர். அவரது தகுதியில் ஐயமில்லை என்றாலும், பதவி மீண்டும் நிறுவனர் ஒருவரிடமே வந்துசேர்கிறது. ஊழியர் ஒருவரால் வெல்ல முடியும் என்பதை 2022ஆம் ஆண்டுத் தேர்தல் மெய்ப்பித்தது. அடுத்த ஊழியருக்கும் போட்டியிட நேரம் கிடைக்கும் என்பதை அது உறுதிசெய்யவில்லை. தலைமை எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என விரும்பும் எந்தத் தொழில்முறைச் சங்கமும், வேட்பாளருக்கும் பதவியில் இருப்பவருக்கும் ஊதியத்துடன் கூடிய விடுப்புக்கு வழிசெய்யும் விதியை முதலில் எழுதிவைக்க வேண்டும்.