ஒரே கோடு

ஐப்பசி மழை. குன்னூரை அடுத்த அந்தச் சரிவில் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. எங்கோ மரம் சாய்ந்து கம்பி அறுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்ச நாள் குறித்திருந்தார்கள். இன்று வெள்ளி. அடுப்படியில் முழு டைல்ஸ் எல்லாம் ஒட்டியாகிவிட்டது. ஓரங்கள்தான் பாக்கி.

வீட்டுக்கார அம்மாவுக்கு 68 வயது. 1964-ல் போட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, சின்னப் பெண்ணாக இலங்கையிலிருந்து பெற்றோருடன் வந்தவர். நீலகிரியில் கொழுந்து பறித்தே காலம் போனது. வேலை இருக்கும்வரைதான் லயன் வீடு. அதனால் இதுதான் அவருடைய முதல் சொந்த வீடு.

திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் மேட்டுப்பாளையத்தில் டைல்ஸ் வாங்கி ஏற்றிவிட்டிருந்தார். ஆறு பெட்டி, பெட்டிக்கு நான்கு. 14 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததில் இரண்டு மூலை உடைந்துவிட்டன. மீதி 22. அடுப்படி நீளமும் அகலமும் ஒன்பது அடிக்குச் சற்றுக் குறைவு. இரண்டடி டைல் முழுசாக 16 ஒட்டியாயிற்று. ஓரத்துக்கு எட்டு அரைத் துண்டு, மூலைக்கு ஒரு கால் துண்டு. உடைந்ததில் ஒன்று மூலைக்கு ஆகும். எட்டு அரைக்கு நான்கு டைல் போனால், கையிருப்பு இரண்டு.

அந்த இரண்டையும் மேஸ்திரியின் அக்கா மகன் அரை மணி நேரத்தில் உடைத்துவிட்டான்.

"கிரைண்டர் இருந்தா இந்நேரம் முடிச்சிருக்கலாம் மாமா" என்றான்.

மேஸ்திரி பதில் சொல்லவில்லை. அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர், மூடிய அறைக்குள் தண்ணீர் விடாமல் கிரைண்டரில் அறுத்து அறுத்தே நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். டைல் தூசியில் சிலிக்கா இருக்கிறது. மூச்சோடு போனால் நுரையீரலில் தங்கித் தழும்பாகிவிடும். சிலிகோசிஸ் என்ற அந்த நோய்க்கு முழுக் குணம் கிடையாது. அதனால் நேர் வெட்டு எல்லாம் மேஸ்திரிக்குக் கை கட்டரில்தான். கதவு நிலைக்கு வளைத்து வெட்டுவதென்றால் மட்டும் கிரைண்டர். அதுவும் வெளியே வைத்து, தண்ணீர் விட்டு.

கை கட்டர் ஒன்றும் புதிதல்ல. ஸ்பெயினில் பார்சிலோனாவுக்குப் பக்கத்தில் ரூபி என்ற ஊரில், 1951-ல் போவாடா சகோதரர்கள் உருவாக்கிய கருவி. இரண்டு தண்டவாளம், ஒரு கைப்பிடி, ஒரு சின்னச் சக்கரம். அவ்வளவுதான். கரண்ட் வேண்டாம்.

"எத்தனை தடவை இழுத்தே?"

"மூணு தடவை மாமா. ஆழமா விழட்டும்னு..."

"அங்கதான்டா தப்பு. இது டைலை அறுக்கிற மெஷின் இல்ல. கீறல் போட்டா அது தானா உடையும். ரெண்டாவது தடவை சக்கரம் அதே கோட்டுல போகாது. பக்கத்துல பொடிப் பொடியா விரிசல் விட்டுடும். அப்புறம் அது இஷ்டத்துக்குத்தான் உடையும்."

கடையில் விட்ரிஃபைடு என்று கேட்டு வாங்கும் போர்சலின் டைல் இப்படித்தான். சுவரில் ஒட்டும் சாதாரண செராமிக் டைல் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும். போர்சலின் அரை சதவீதத்தைத் தாண்டாது. அவ்வளவு நெருக்கமாக வெந்த மண். முரட்டுத்தனம் அதனிடம் செல்லாது.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா சிரித்தார். "கொழுந்தும் அப்படித்தான் தம்பி. புதுசா வர்ற புள்ளைங்க பிடிச்சு இழுக்கும். காம்பு கிழிஞ்சுபோகும். சரியான எடத்துல ஒரே கிள்ளு, வந்துடும்."

மிச்சம் இருப்பது நான்கே டைல். இன்னொன்று போனால் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும். போனாலும் அதே பேட்ச் கிடைக்குமா தெரியாது. பேட்ச் மாறினால் நிறம் லேசாக மாறும். மேஸ்திரி தானே உட்கார்ந்து வெட்டியிருக்கலாம். கட்டரை மருமகன் பக்கமே தள்ளினார்.

பழைய சக்கரத்தைக் கழற்றிப் புதிதாக ஒன்றை மாட்டச் சொன்னார். டைலின் முகத்தைத் துணியால் துடைக்கச் சொன்னார். மணல் துகள் இருந்தால் சக்கரம் துள்ளும். இரண்டு முனையிலும் அளந்து பென்சில் கோடு.

"இந்த ஓரத்துல ஆரம்பிச்சு அந்த ஓரம் வரைக்கும். நடுவுல நிக்காதே. ஒரே அழுத்தம். காதைக் குடு. சத்தம் விட்டு விட்டு வரக் கூடாது."

பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினான். துணி கிழிவது மாதிரி, இடையில் அறாமல் ஒரு சத்தம். கோடு தலைமுடி அளவுதான். கை மறுபடி கைப்பிடிக்குப் போனது. மேஸ்திரி தலையை மட்டும் அசைத்தார். பையன் கையை எடுத்துக்கொண்டான்.

"இப்போ பாதத்தை ஓரத்துல வெச்சு மெதுவா அமுக்கு. அடிக்காதே."

'டக்'. இரண்டு அரை, இரண்டும் நேராக.

கிரைண்டர் பிளேடு தன் தடிமன் அளவுக்கு டைலைத் தின்றுவிடும். இதில் பொடிகூட உதிரவில்லை. மேஸ்திரி சாணைக்கல்லால் வெட்டிய விளிம்பை ஓட்டித் தேய்த்து, அந்தப் பக்கத்தைச் சுவரோடு வைத்தார். கம்பெனி விளிம்பு அடுத்த டைலோடு சேர்ந்தது.

இருட்டுவதற்குள் நான்கும் எட்டாயின. உடைந்து வந்த டைலின் நல்ல பகுதி மூலையில் உட்கார்ந்தது. கரண்ட் இன்னும் வரவில்லை.

அம்மா டார்ச் அடித்து வாசலில் நின்றே பார்த்தார். ஒட்டியது காயும்வரை கால் வைக்கக் கூடாது.

"உடைஞ்சு வந்தது எது தம்பி?"

மேஸ்திரி மூலையைக் காட்டினார்.

"தெரியவே இல்லையே" என்றார் அம்மா. பிறகு பையனைக் கூப்பிட்டு, முதல் டம்ளர் டீயை அவன் கையில் கொடுத்தார்.