கூண்டுக்குள் ஓர் அமானிதம்



செவ்வாப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு ஹாம்ஸ்டர் வந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகள் ஓராண்டாகவே கேட்டுக்கொண்டிருந்தாள். மறுத்தவர் நன்னி. "எலிக்குப் பொறி வைக்கிற வீட்டுல எலியைக் காசு குடுத்து வாங்குவாங்களா?" என்றார்.

எங்களுக்கும் தயக்கம் இருந்தது. அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டோம். அதன் எச்சமும் சிறுநீரும் தொழும் இடத்திலும் ஆடையிலும் படாமல் காத்துக்கொள்ளுமாறு கூறினார். பின்னர், பூனை ஒன்றை அடைத்துவைத்து, உணவும் கொடுக்காமல், பூமியில் உள்ளதைத் தின்ன வெளியேயும் விடாமல் சாகடித்த பெண் நரகத்துக்குரியவளானாள் என்ற நபிமொழியை நினைவூட்டினார். "வாங்குவதற்கு முன் இதை யோசியுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் அதைச் சொன்னோம். அவளோ மதரஸாவில் படித்ததைத் திருப்பிச் சொன்னாள். "அனஸ் (ரலி) அவர்களோட தம்பி அபூ உமைர்கிட்ட ஒரு குருவி இருந்துச்சே? நபி (ஸல்) அவர்கள் அதைப் பற்றி அன்பா விசாரிச்சாங்களே?" நன்னி பதில் சொல்லவில்லை. தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்தார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டோம்.

வாங்குவதற்கு முன் கொஞ்சம் படித்தோம். கடைகளில் பெரிதும் கிடைக்கும் பொன்னிற ஹாம்ஸ்டரின் பூர்வீகம் ஷாம் தேசம். 1930-இல் ஹலப் நகருக்கு அருகே ஒரு வயலைத் தோண்டி எடுத்த தாயும் குட்டிகளும்தான், இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் இவ்வினத்தில் ஏறத்தாழ அனைத்துக்கும் மூதாதையர். மண்ணுக்கு அடியில் வளை தோண்டித் தனியே வாழும் பிராணி அது. பகலில் உறங்கும், இரவில் விழித்திருக்கும்.

ஒரு ஞாயிறு மாலை மின்சார ரயிலில் வில்லிவாக்கம் இறங்கிக் கொளத்தூர் சென்றோம். வண்ணமீன் கடைகளுக்குப் பெயர்பெற்ற அந்தப் பகுதியில் ஒரு கடையின் கண்ணாடித் தொட்டியில் ஏழெட்டுக் குட்டிகள் ஒன்றாகக் கிடந்தன. மகளின் கண் மூலையில் சுருண்டிருந்த வெள்ளைக் குட்டியின்மேல் விழுந்தது. அதன் பின்புறம் ஈரமாயிருந்தது, கண்கள் மங்கியிருந்தன. நோயின் அறிகுறி அது. வேண்டாம் என்றோம். "நாம எடுத்துட்டுப் போகலைன்னா இதை யார் பாத்துப்பாங்க?" என்றாள்.

எங்களிடம் பதில் இல்லை. அதைத் தனியே எடுத்துவைத்து மருத்துவரிடம் காட்டுமாறு கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டோம். அவர் வேறு பெட்டிக்கு மாற்றினார். அதற்குமேல் எங்களால் இயன்றது எதுவுமில்லை. தெளிந்த கண்களோடு வைக்கோலைக் கிளறிக்கொண்டிருந்த பழுப்புக் குட்டியைத் தேர்ந்தோம். துணைக்கு இன்னொன்றும் வாங்கச் சொன்னார் கடைக்காரர். வளர்ந்தபின் ஒன்றையொன்று கடித்துக் கொல்லக்கூடிய இனம் என்பதால் ஒன்றோடு திரும்பினோம்.

திருவள்ளூர் வட்டாரத்து வெயில் அதற்கு ஆகாது. எனவே கூண்டைத் தொழும் அறைக்கு எதிர்ப்பக்கம், வெயில் படாத மூலையில் வைத்தோம். படுத்துக் குளிர்ச்சி பெற உடைந்த மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தோம். உணவும் நீரும் மகளின் பொறுப்பு என்று முடிவாயிற்று.

இரண்டாம் வாரம் அது நடந்தது. எங்களில் ஒருவர் காக்களூர் தொழிற்பேட்டையில் இரவுப்பணி முடித்துச் சுப்ஹுக்கு முன் வீடு திரும்பியபோது, ஹாம்ஸ்டர் தண்ணீர்ப் புட்டியின் முனையை ஓயாமல் கடித்துக்கொண்டிருந்தது. புட்டி நிறைய நீர் இருந்தது. விரலை வைத்துப் பார்த்தால் ஒரு சொட்டும் வரவில்லை. முனையிலிருந்த சிறு உருண்டை சிக்கியிருந்தது. எத்தனை மணி நேரமாகத் தவித்ததோ அல்லாஹ்வே அறிவான். கிண்ணத்தில் நீர் வைத்ததும் தலை தூக்காமல் குடித்தது.

மகள் அழுதாள். அவள்மீது குற்றமில்லை, நாளும் புட்டியைப் பார்த்திருக்கிறாள். நாங்களும் பார்த்திருக்கிறோம். நிறைந்திருப்பதைக் கண்டு நிம்மதியடைந்தோம், அந்த உயிருக்கு அது போய்ச் சேருகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. இமாம் சொன்ன நபிமொழி அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் கல்நெஞ்சக்காரி ஒருத்தியை மனத்தில் வைத்திருந்தோம். கவனக்குறைவும் அதே இடத்துக்குக் கொண்டுபோய்விடும் என்று எண்ணியதில்லை.

இப்போது ஒவ்வொரு நாளும் இஷாவுக்குப் பின் யாரேனும் ஒருவர் புட்டியின் முனையில் விரல் வைத்து நீர் கசிகிறதா என்று பார்க்கிறோம். பல நாள் நன்னியே முந்திக்கொள்கிறார். பார்த்துவிட்டு, வேறொன்றும் பேசாமல் கை கழுவி உளூ செய்யப் போகிறார்.

இதன் ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டுகள்தாம் என்பதையும் மகளிடம் சொல்லிவிட்டோம். அபூ உமைரின் குருவியும் இறந்துதானே போயிற்று என்றாள். அந்த நாள் வரும்போது, இதற்கு உரியதைக் கொடுத்தோம் என்று சொல்லும் நிலையில் அல்லாஹ் எங்களை வைப்பானாக.